தலையாட்டாத ஆடு

நவம்பர் 12

தம்பிக்கு,

போனில் பேசினால் மறுபடியும் சண்டையில்தான் முடியும். குரல் பதிவு அனுப்பினால் பாதி கேட்டுவிட்டு மூடிவிடுவாய். அதனால்தான் ஹார்டு டிஸ்க்கோடு இந்தக் காகிதத்தையும் வைக்கிறேன். கடிதத்தில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பாய முடியாது. பதில் சொல்வதானால் நீயும் எழுது. கூப்பிடாதே.

இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் பாட்டு வீடியோவை எடுத்து முடித்துவிட்டோம், வழக்கம்போல் வெட்டித் தொகுக்க வேண்டியது நீதான். தொட்டில் பாட்டு. சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் நாம் இருவரும் வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு பாடினோமே, அதே பாட்டுதான். முதல் சரணம் பழையபடி மெதுவாக, ஒரே ஒரு கிட்டாரோடு. இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் வந்து விழும். அதிலிருந்து கடைசிவரை, நம் மெட்டல் குழுவின் வழக்கப்படி, என் உறுமல்.

எடுத்த இடம், மூடிக்கிடக்கும் நகராட்சி நீச்சல் குளம். நம் குழுவில் கிட்டார் வாசிக்கிற வாத்தியார், தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பள்ளியில் யாரையோ பிடித்து, முதல் நாள் சாயந்தரம்தான் சாவியை வாங்கினார். தண்ணீர் இல்லாத குளத்துக்குள் இறங்கி நின்றால் பெரிய கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. சுற்றிலும் நீல ஓடு. மேலே கண்ணாடிக் கூரை. ஒரு வார்த்தை சொன்னால் நான்கு பக்கமிருந்தும் திரும்பி வருகிறது. ஆழமான பக்கம் நாங்கள், நடுவில் தொட்டில். சைக்கிள் சங்கிலிகளை வெல்டிங் வைத்துச் செய்த தொட்டில் அது. ஆழம் குறைந்த பக்கம் ஆடுகள். நம் பேஸ் கிட்டார்க்காரன் குண்டூசி, வாசிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் காகிதக் கூழில் ஆட்டு முகமூடி செய்து பஞ்சு ஒட்டினான். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்று மாட்டி, "டிரம்ஸ் ஆரம்பிச்சதும் கழுத்து சுளுக்குற மாதிரி தலையை ஆட்டுங்க" என்று சொல்லிவிட்டோம். பனிக்காகக் கொட்டிய சோப்பு நுரையில் வழுக்கி இரண்டு ஆடு விழுந்தது. அம்மா ஃபிளாஸ்க்கோடு வந்து கரையில் உட்கார்ந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பார்த்தாள்.

உன் இடத்தில் இப்போது டிரம்ஸ் வாசிக்கிறவள் மருத்துவமனையில் நர்ஸ். நன்றாக வாசிக்கிறாள். உன்னைப் போல வேகம் ஏறி ஓடுவதில்லை. ஓடுவது என்று எழுதியதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டாலும் சரி.

டிசம்பர் நடுவில் வெளியிட வேண்டும். என் இரட்டைத் தாடை தெரிகிற கோணம் வேண்டாம்.

அக்கா


நவம்பர் 17

அக்கா,

வேறு ஊரில் வேலை கிடைத்துப் போவதற்குப் பெயர் ஓடுவது என்றால், ஓடினேன் என்றே வைத்துக்கொள். நான் கிளம்புகிற அன்று நீ வாசல்வரைகூட வரவில்லை. இதற்கு மேல் இந்த விஷயத்தை எழுதினால் கடிதத்திலும் குறுக்கே பாய்வேன்.

காட்சிகள் நன்றாக வந்திருக்கின்றன. குளத்தின் எதிரொலி டிரம்ஸைக் கொஞ்சம் குழப்புகிறது, சமாளிக்கலாம். இரட்டைத் தாடையைத் தவிர்த்தால் மிஞ்சுவது சில காட்சிகள்தான். பார்க்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். ஆடுகளில் ஒருவர் தலையாட்டவே இல்லை. சாம்பல் நிறக் கால்சட்டை, பழுப்புச் சட்டை. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர்கள் எல்லோரும் பேய் பிடித்த மாதிரி ஆடும்போது அவர் மட்டும் நட்டுவைத்த கம்பம். முதலில் கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். ஆனால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்த எந்த டேக்கிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. உன்னை மட்டும் பார்க்கிறார். நீ நகர்ந்தால் முகமூடி நகர்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் யாரோ கேமராவை அணைக்க மறந்திருக்கிறார்கள். எல்லோரும் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறீர்கள். அவர் படிக்கட்டில் முகமூடியோடு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை.

யார் அவர்? வாத்தியாரின் நண்பரா? அவரை விட்டு வெட்ட வேண்டுமென்றால் பாதிக் காட்சி போய்விடும். அதற்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி


நவம்பர் 21

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். இருட்டறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டி வெட்டி உனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். குண்டூசியிடம் காட்டினேன். "இவரு வாத்தியாரோட ஆளு" என்றான். வாத்தியாரிடம் கேட்டேன். "இல்லையே, நர்ஸ் கூட்டிட்டு வந்தாங்கன்னு நினைச்சேன்" என்றார். நர்ஸ் அவரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆளாளுக்கு அடுத்தவரோடு வந்தவர் என்று நினைத்து வணக்கம் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொன்று. குளத்துக்குப் போகிறதுக்கு முந்தின வாரம், பயிற்சி அறையில் காய வைத்திருந்த முகமூடி ஒன்று காணாமல் போயிருக்கிறது. எலி இழுத்துப் போயிருக்கும் என்று குண்டூசி வேறு ஒன்று செய்துவிட்டானாம். அதாவது அந்த ஆள் முகமூடியைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

யாரோ ரசிகர். கூச்சப்படுகிறவர். நம் பாட்டுக்கு ரசிகர் கிடைப்பதே பெரிய விஷயம், அவரையும் வெட்டிவிடாதே.

உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று செயற்கைப் பல் செய்கிற எங்கள் கூடத்தில் வேலை முடித்து வெளியே வந்தேன். பட்டப்பகல், தெரு முழுக்க ஆள். என் ஸ்கூட்டர் இருக்கையில் ஒரு பிடிப் பஞ்சு. பசை காய்ந்த பஞ்சு, முகமூடியில் ஒட்டுவது போல. குண்டூசியின் வேலை என்று நினைத்துத் திட்டினேன். "சத்தியமா நான் இல்ல" என்றான். அவன் பொய் சொன்னால் காது சிவக்கும். சிவக்கவில்லை.

மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறவள் நான். இன்று இரண்டு பல்லை வீணாக்கினேன்.

அக்கா


நவம்பர் 24

அக்கா,

இதை உட்கார்ந்து படி. அம்மா பக்கத்தில் இருந்தால் வேறு அறைக்குப் போ.

பழைய வீடியோக்களின் வெட்டாத காட்சிகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். போன வருஷம், பஸ் பணிமனையில் மணியோசைப் பாட்டு எடுத்தோமே, வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு எல்லாம் கறுப்புத் துணியில் முக்காடு போட்டுவிட்டோமே. அந்தக் கூட்டத்தில் அவன் இருக்கிறான். அதே இறங்கிய தோள், அதே மணிக்கட்டுப் பிடி. அதற்கு முந்தின வருஷம், நட்சத்திரப் பாட்டு. அட்டைச் சிறகு மாட்டிய தேவதூதர்களுக்கு நடுவிலும் இருக்கிறான். முகத்தில் வெள்ளைப் பூச்சு. அடையாளம் தெரியவில்லை, ஆனால் அவன்தான். போன வருஷம் ஒரு டேக்கில் எனக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிறான். நான் வாசித்துக்கொண்டே இருக்கிறேன். 

இதைவிட மோசமானது ஒன்று. குளத்தின் சாவி முதல் நாள் சாயந்தரம்தான் கிடைத்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். இடம் எங்கே என்று குழுவுக்குப் போனில்தான் செய்தி போட்டிருப்பாய். அவனுக்கு எப்படித் தெரிந்தது? உங்களில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் உன் போனை யாரோ படிக்கிறார்கள்.

அதனால் இதைப் பற்றிப் போனில் ஒரு எழுத்துகூட அடிக்காதே. கூப்பிடவும் வேண்டாம். கோபத்தில் ஆரம்பித்த இந்தக் கடிதம்தான் இப்போது நமக்கு இருக்கிற ஒரே வழி. போலீசுக்குப் போ. தனியாகப் போகாதே, வாத்தியாரையும் கூட்டிப் போ. இல்லை, அவர் வேண்டாம். யாரை நம்புவதென்று எனக்கே தெரியவில்லை.

தம்பி


நவம்பர் 29

தம்பி,

போலீசுக்குப் போனேன். தனியாகத்தான். அதிகாரி வீடியோவைப் போட்டுப் பார்த்தார். என் உறுமல் வந்ததும் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைத்தார்.

"இவ்வளவு பயங்கரமா கத்துறீங்க. உங்களைப் பாத்து அவன்தாம்மா பயப்படணும்."

"மூணு வருஷமா பின்னாடியே வரான் சார்."

"ஆட்டு முகமூடி போட்டுட்டு ஒருத்தன் சும்மா நின்னா அது எந்தச் சட்டப்படி குத்தம்? கையைப் பிடிச்சானா? மிரட்டினானா? ஏதாவது நடந்தா வாங்க."

வெளியே வந்தபோது எனக்கே நான் பைத்தியக்காரி போலத் தோன்றியது. வீட்டுக்குப் போனேன். அம்மா நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். மேசையில் இரண்டு டம்ளர்.

"யாரும்மா வந்தது?"

"உன் ஃபிரெண்டுதான். பாட்டுல எல்லாம் வருவானாமே. ரொம்ப மரியாதையான பிள்ளை. செருப்பை வெளியில விட்டுட்டுத்தான் உள்ள வந்தான்."

 என்ன பேசினான் என்று கேட்டேன். அம்மா கறிகாய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப நீ சமையலறையில நின்னு மெதுவா பாடினியே, அதைப் பத்திப் பேசினான். அப்படி ஒரு குரலைக் கேட்டதே இல்லைன்னான். நீதான் பாடிக் காட்டியிருப்பே. அப்புறம், அக்காவும் தம்பியும் பேசிக்கிறது இல்லையாமேன்னு ரொம்ப வருத்தப்பட்டான்."

தம்பி, அன்று சமையலறையில் அம்மாவையும் என்னையும் தவிர யாரும் இல்லை. ராகம் மறந்துவிடக் கூடாது என்று போனில் பதிவு செய்தேன். யாருக்கும் அனுப்பவில்லை.

"வேற என்ன சொன்னான்?"

"உன் தொண்டையைப் பத்திக் கவலைப்பட்டான். 'அவங்க தொண்டையை யாராவது காப்பாத்தணும்மா. அந்தக் கத்தல் அவங்க குரலே இல்ல. சீக்கிரம் நிறுத்த வச்சிடலாம், நீங்க கவலைப்படாதீங்க'ன்னான். நானும் சரிப்பான்னு சொன்னேன்."

இறங்கிய தோளா என்று கேட்டேன். "ஆமா, பாவம், சின்ன வயசுல அடிபட்டிருக்கும்" என்றாள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி? அவள் நறுக்குவதை நிறுத்தினாள். எழுந்து போய் அந்த டம்ளரைக் குப்பையில் போட்டாள். அப்புறம் கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

அக்கா


டிசம்பர் 2

அக்கா,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே நர்ஸ் வீட்டுக்குப் போ. இந்த வருஷம்தான் குழுவுக்கு வந்தவள் அவள். அவன் மூன்று வருஷமாக வருகிறான். அதனால் அவளை நம்பலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பாக இருந்தாலும் இப்போதைக்கு அதுதான் இருக்கிறது. போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

பாட்டை நிறுத்திவிடு. இந்த வருஷம் வெளியிட வேண்டாம். அடுத்த வருஷமும் வேண்டாம். அவனுக்குப் பிடிக்காதது உன் கத்தல்தான் என்றால் கொஞ்ச நாள் கத்தாமல் இரு. உயிரைவிடப் பாட்டு பெரிதா? குழுவுக்கு ஒரு செய்தி போடு, நிறுத்திவிட்டேன் என்று. அவன் படிக்கட்டும். படித்துவிட்டுப் போய்த் தொலையட்டும்.

விடுப்புக் கேட்டிருக்கிறேன். டிசம்பர் முழுக்கக் கல்யாணம், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எப்படியும் வந்துவிடுவேன். சண்டையை அப்புறம் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம்.

உன் காட்சிகளைத் திறக்கவே பயமாக இருக்கிறது. திறந்தால் மூட முடியவில்லை.

தம்பி


டிசம்பர் 4

தம்பி,

நர்ஸ் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கட்டில், எனக்குத் தரை. ஜன்னல் திரையைப் பகலிலும் திறப்பதில்லை.

நிறுத்திவிடு என்று எழுதியிருக்கிறாய். அவன் அம்மாவிடம் சொன்னதும் அந்த வார்த்தைதான். உன் அக்கறை வேறு, அவன் அக்கறை வேறு என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்கிற காதுக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

நான் ஏன் அந்தத் தொட்டில் பாட்டைக் கத்திப் பாடுகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தாயை யோசித்துப் பார். யாரோ ஒருவர் வீட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெற்றிருக்கிறாள். பிள்ளையைக் கொல்ல அரசன் ஆள் அனுப்பப்போகிறான். அவள் பாடுகிற தாலாட்டு எப்படி அவ்வளவு அமைதியாக இருக்கும்? வெளியே மெதுவாகப் பாடியிருப்பாள். உள்ளே உறுமிக்கொண்டுதான் இருந்திருப்பாள். அந்த உள்ளே இருக்கிறதைத்தான் நான் பாடுகிறேன். அது என் குரல் இல்லை என்று சொல்ல அவன் யார்?

போலீஸ் நிலையத்திலிருந்து நான் வெளியே வந்தபோது, எழுத்து மேசையில் இருந்த பெண் போலீஸ் பின்னாலேயே ஓடிவந்து பெயரும் எண்ணும் வாங்கிக்கொண்டாள். "அக்கா, நான் உங்க பாட்டெல்லாம் கேப்பேன். சார் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். அம்மாவைப் பார்க்க அவன் வந்த விஷயத்தை அப்புறம் நேரில் போய் அவளிடம்தான் சொன்னேன். இருவருமாக ஒரு முடிவு எடுத்திருக்கிறோம்.

வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து, குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே குளம், ஒரு காட்சி பாக்கி, ஆடுகள் எல்லாம் வரவும். அவன் வருவான். ஆடுகளில் ஒன்று அந்தப் பெண் போலீஸ். இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வருகிறாள். நர்ஸ் டிரம்ஸில் இருப்பாள். வாத்தியாருக்கும் குண்டூசிக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். இருவருமே அழுதார்கள். அவர்களைச் சந்தேகப்பட்டதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

என் கையெழுத்தைப் பார்த்தாலே நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நீ வராதே. உன் முகம் அவனுக்குத் தெரியும். நீ அங்கே நின்றால் அவன் உள்ளே வரமாட்டான்.

அக்கா


டிசம்பர் 7, ஞாயிறு

அக்கா,

உன் கடிதம் இன்று காலைதான் கையில் கிடைத்தது. கூரியர் அலுவலகத்தில் நேற்றே வந்து கிடந்திருக்கிறது. இப்போது மத்தியானம். நீ அந்தக் குளத்துக்குள் நிற்கிறாய். எந்த வண்டி ஏறினாலும் நாளைக்கு முன்னால் வந்து சேர முடியாது. இந்தக் கடிதமும் எல்லாம் முடிந்த பிறகுதான் வரும். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

வாத்தியாருக்குக் கூப்பிட்டேன். அணைத்து வைத்திருக்கிறார். குண்டூசியும் அப்படியே. போலீஸ் நிலையத்துப் போன் அடித்து அடித்து நின்றுவிட்டது.

இன்று காலை உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி காட்சிகளைப் போட்டேன். இவ்வளவு நாள் அவன் முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று கையைப் பார்த்தேன். நீ மெதுவாகப் பாடுகிறவரை மணிக்கட்டைப் பிடித்தபடி நிற்கிறான். டிரம்ஸ் விழுந்து நீ உறுமத் தொடங்குகிற அந்த இடத்தில் பிடி விடுகிறது. வலது கை சட்டைக்குள் போகிறது. எல்லா டேக்கிலும். எதையோ தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். முதல் டேக்கில் ஒரு அடி முன்னால் வைக்கிறான். கடைசி டேக்கில் உனக்கும் அவனுக்கும் நடுவில் தொட்டில்தான் இருக்கிறது. அப்போது அம்மா கரையிலிருந்து "போதும், சாப்பிட வாங்க" என்று கத்துகிறாள். அவன் நின்றுவிடுகிறான்.

முதல் சரணத்தோடு நிறுத்திவிடு, அக்கா. இரண்டாவதைப் பாடாதே. இதை உனக்குச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

பக்கத்து அறையில் யாரோ ஒருவருடைய கல்யாண வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள்.


டிசம்பர் 9

தம்பி,

நான் உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

அவன் வந்தான். வாத்தியார் கதவைத் திறந்து வைத்ததும் எல்லோருக்கும் முன்னாலேயே உள்ளே வந்து, படிக்கட்டில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தான். நாங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. நான் தாண்டும்போது காலை ஒதுக்கி வழிவிட்டான். சோப்பு வாசனை அடித்தது. குளித்துவிட்டு வந்திருக்கிறான்.

பெண் போலீஸும் மற்ற இருவரும் முகமூடிக்குள் இருந்தார்கள். எது யார் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் ஒரே ஆடு. கண்ணாடிக் கூரை வழியாக வெயில் நேராக இறங்கியது. வாத்தியார் கிட்டாரைத் தொட்டார். முதல் சரணம் பாடினேன். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் பாடியதில்லை. பயத்தில் மூச்சு வரவில்லை, அதனால் வந்த மென்மை அது. அவன் அசையாமல் நின்றான். முகமூடிக்குக் கீழே அவன் கழுத்தில் கண்ணீர் வழிவதைப் பார்த்தேன்.

இதோடு நிறுத்தினால் அவன் அப்படியே போய்விடுவான் என்று தோன்றியது. போலீசுக்கும் பிடிக்க ஒரு காரணம் இருக்காது. மறுபடி எங்கேயாவது நிற்பான். நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அடித்தாள்.

தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை, தம்பி. வாயைத் திறந்தால் காற்று. அவன் கை சட்டைக்குள் போனதைப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் வந்தது. பயிற்சி செய்த உறுமல் இல்லை அது, எனக்குள் அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது. அவன் நடந்து வந்தான். ஓடவில்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கப் போகிறவன் மாதிரி ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு, "போதும், போதும், வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். தொட்டிலைத் தாண்டியதும் ஒரு ஆடு அவன் மேல் பாய்ந்தது. இன்னொன்று காலைப் பிடித்தது. நர்ஸ் டிரம்ஸைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவன் கையை முறுக்கினாள். சட்டைக்குள்ளிருந்து ஒரு பாட்டில் விழுந்து உருண்டது. நல்ல வேளை, பிளாஸ்டிக் பாட்டில், உடையவில்லை. அடைத்துக்கொண்ட குழாயில் ஊற்றுகிற திராவகம். கூடவே ஒரு கைக்குட்டையில் மடித்து வைத்த ஸ்பூன்.

பாட்டிலைக்கூட மறந்துவிடுவேன். அந்த ஸ்பூன் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தான்.

முகமூடியைக் கழற்றினார்கள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் போன் திரை உடைந்தபோது சரிசெய்து கொடுத்த கடையில் வேலை பார்த்தவனாம். அன்றைக்கே என் போனில் எதையோ ஏற்றி வைத்திருக்கிறான். அன்றிலிருந்து நான் அடித்தது, பேசியது, பாடியது எல்லாம் அவன் கணினிக்குப் போயிருக்கிறது. வண்டியில் ஏற்றும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்க நல்லதுக்குத்தான்" என்றான். கோபமே இல்லை அவன் குரலில்.

அதிகாரி நேற்று கூப்பிட்டு, "ஏதாவது நடந்தா வாங்கன்னு சொன்னேன்ல, வந்துட்டீங்க பாருங்க" என்றார்.

அக்கா


டிசம்பர் 12

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை எழுதிய கடிதத்தையும் இதோடு வைக்கிறேன். அனுப்பாமல் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். இரண்டாவது சரணம் பாடாதே என்று அதில் கெஞ்சியிருக்கிறேன். நீ பாடினதால்தான் அவன் இன்று உள்ளே இருக்கிறான். ஆனால் மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் நான் பாடாதே என்றுதான் சொல்வேன். என்னால் வேறு மாதிரி சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளை வாத்தியார் அனுப்பியிருக்கிறார். பார்க்கவில்லை. ஒலியை மட்டும் கேட்டேன், கண்ணை மூடிக்கொண்டு. பாதியில் எழுந்து அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து மீதியைக் கேட்டேன்.

வீடியோவை என்ன செய்வது? அவன் இல்லாமல் வெட்ட முடியும், ஆனால் ஆடுகள் வருகிற காட்சி பாதிக்கு மேல் போய்விடும். வெளியிடவே வேண்டாம் என்றாலும் சரி. இந்த முறை நான் எதுவும் சொல்லவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன். பாதி வெட்டியதை ஒரு டிஸ்க்கில் போட்டுப் பின்னாலேயே அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்.

விடுப்பு கிடைத்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி வருகிறேன்.

தம்பி


டிசம்பர் 17

தம்பி,

வெட்டிவிடு. ஒரு தோள்கூட ஓரத்தில் தெரியக் கூடாது. பாதிப் பாட்டுக்கு வெறும் குளத்தைக் காட்டு, காலித் தொட்டிலைக் காட்டு, பரவாயில்லை. என் இரட்டைத் தாடையையும் காட்டிக்கொள். உறுமலுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒலியை வை. அதில் ஒரு இடத்தில் குரல் பிசிறுகிறது. சரிசெய்துவிடாதே.

நம் வீட்டுக்கே திரும்பிவிட்டோம். பூட்டு மாற்றியாயிற்று. என் போன் போலீசில் இருக்கிறது, வேறு வாங்கத் தோன்றவில்லை. பல் கூடத்துக்குப் போகிறேன். தெருவில் யாருக்காவது தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், எதிரில் இருக்கிற கடைக்குள் நுழைந்துவிடுகிறேன். எத்தனை பேருக்குத் தோள் இறங்கியிருக்கிறது தெரியுமா? இவ்வளவு நாள் கவனித்ததே இல்லை. பாதி ஊருக்கு அப்படித்தான் இருக்கிறது.

அம்மாதான் எனக்குக் கவலை. அவனை உள்ளே விட்டதும், சரிப்பா என்று சொன்னதும் அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முந்தாநாள் காலை சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தக் கத்தல் எப்படிப் போடுறே? எனக்குச் சொல்லிக் குடு."

"உனக்கு எதுக்கும்மா?"

"நீ வேலைக்குப் போனா நான் தனியாத்தானே இருக்கேன்."

சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், தொண்டையை இறுக்கக் கூடாது என்று காட்டிக்கொடுத்தேன். முதல் நாள் இருமல்தான் வந்தது. நேற்று மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். மணி அடித்தது. நான் எழுவதற்குள் அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்று ஒன்று விட்டாள் பார். பாத்திரம் அதிர்ந்தது. வெளியே ஏதோ விழுகிற சத்தம், படியில் ஆள் ஓடுகிற சத்தம். கூரியர் பையன். நீ அனுப்பிய டிஸ்க் வாசலில் கிடந்தது. அவனை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திரும்பி வந்து பார்த்தால், அம்மா இன்னும் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "போயிட்டானா, நல்லா பாத்தியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கையை ஒவ்வொரு விரலாக எடுத்துத்தான் விட வைத்தேன்.

அதனால் நீ வரும்போது மணி அடிக்காதே. கதவைத் தட்டாதே. கீழே தெருவில் நின்று "அம்மா" என்று சத்தமாகக் கூப்பிடு. அக்கம்பக்கம் பார்த்தால் பார்க்கட்டும். உன் குரலைக் கேட்டபிறகு நாங்களே இறங்கி வருகிறோம்.

அக்கா